ஏட்டின் வாசல்

நசிர்-சின் என்று ஒரு ராசா இருந்தான்.
அசூர் நகரத்தில்,
மூவாயிரத்து எழுநூறு வருசத்துக்கு முன்.
எத்தனை நாள் ஆண்டான், தெரியாது.
அரசர் பட்டியலில் அவனுக்கு வருசக் கணக்கு இல்லை.
முன்னும் பின்னுமாய் ஆறு பேர்,
ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே குறிப்பு:
ஆருமில்லாதவன் மகன்,
ஆண்டது ஏட்டின் வாசலில்.

வாசலில் என்றால் என்ன என்று
படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.
எனக்கு விளங்குவது இவ்வளவுதான்:
படலையைத் திறந்தான்,
உள்ளே போகக் கிடைக்கவில்லை.

தம்பிலுவிலில் இப்படி எழுத ஏலாது.
தகப்பன் ஆரென்று தெரியாவிட்டால் போகட்டும்,
தாய் என்ன குடி என்று கேட்போம்.
கண்டன் குடியா, கட்டப்பத்தான் குடியா,
ஏதோ ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம்.
களிமண்ணில் எழுதியவன்
நசிர்-சின்னின் தாயை விசாரிக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் ஞாபகம் வந்தது என்றால்,
பள்ளிக்கூடத்துக்கு அறுபது வயது,
அதிபர்கள் பெயர்ப்பலகை புதுசாக எழுதுகிறோம்,
விழாக் குழுவுக்குச் செயலாளர் நான்,
ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறும் நான்தான்.
ஐந்தாவது பெயருக்கும் ஆறாவது பெயருக்கும் நடுவே
தொண்ணூறாம் ஆண்டு ஓட்டையாய்க் கிடந்தது.

நேசம்மா ரீச்சர், என்றேன்.

கடிதம் இருக்கா, என்றார் பொருளாளர் குலசிங்கம்.
வலயத்திலிருந்து நியமனம் வந்ததா?
வரவில்லை.
பதில் அதிபர் என்றாவது?
இல்லை.
அதிபர் அக்கரைப்பற்றுக்குப் போனவர் திரும்பவில்லை,
சாவி ரீச்சரின் கையில் இருந்தது.
பத்தொன்பது நாள்.

சம்பவப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன்.
கறையான் விட்டுவைத்த பக்கம்,
அதில் அவவின் எழுத்து, நாலே வரி:
கச்சான் காற்று பலம்.
வந்த பிள்ளைகள் ஏழு.
மணி அடித்தோம்.
பின்னேரம் மணியைக் கழற்றி உள்ளே வைத்தோம்.

அடுத்த பக்கம் வேறு கை. புது அதிபர்.
நேசம்மா ரீச்சர் மறுகா மூதூருக்கு மாற்றம் போனா,
அங்கேயே காலமானாவாம்.
பிள்ளையில்லை.

அந்த ஆறு பேரில் கடைசி ஆள் அதாசிக்கு யோகம்.
மகன் பெல்-பானி அரசுக்கு வந்தான்.
ஆயிரம் வருசம் கழித்து
எகிப்துவரை படை நடத்திய ஒரு பேரரசன்
நான் அதாசியின் வழி என்று எழுதிவைத்தான்,
ஆருமில்லாதவன் மகனை
ஆதிப் பாட்டனாக்கிக்கொண்டான்.
நசிர்-சின் வழி நான் என்று சொல்ல
ஒரு குஞ்சும் வரவில்லை.

ஆனால் ஒன்று.
பட்டியலைப் பிரதி பண்ணியவன்
அந்த ஆறு பேரையும் தூக்கியிருக்கலாம்.
கூட்டுத்தொகை மாறியிராது,
களிமண்ணும் மிச்சம்.
அடுத்தவன் அதைப் பார்த்து எழுதும்போது தூக்கியிருக்கலாம்,
அதற்கும் அடுத்தவன்.
ஒருவனும் தூக்கவில்லை.
ஏன் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன்,
பயத்தில சேர், என்றான் ஒருவன்.
இருக்கலாம்.

பேரின்பம் தூரிகையோடு ஏணியில் நின்றான்.
எழுத்துக்கு முப்பது ரூபா, புள்ளிக்கு இல்லை.
பச்சைப் பலகையில் வெள்ளையாய்
நேசம்மா வந்தா,
தகப்பனின் முதலெழுத்து எங்களுக்குத் தெரியாததால்
முதலெழுத்து இல்லாமல்.

என்னகா சேர், வருசம் என்ன போட?

மற்றவர்களுக்கெல்லாம் இதிலிருந்து அதுவரை.
குலசிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
தொண்ணூறு என்று போட்டால்
ஐந்தாவது ஆளின் தொண்ணூறும்
ஆறாவது ஆளின் தொண்ணூறும் அதற்குள் முட்டும்.

நான் யோசித்துச் சொல்லுமுன்
பெயின்ற் சொட்டப் பார்த்தது,
அவன் ஒரு சின்னக் கோடு இழுத்தான்,
இரண்டு பக்கமும் வெறுமை.

காணும், இறங்கு, என்றேன்.

பில்லில் அந்தக் கோட்டைத் தேடினேன்.
கணக்கில் சேர்க்கவில்லை.